களிமண் செராமிக் புரொபோசல் ‘அடிப்படை ஆய்வு அல்ல’ என்று திரும்பி வந்தால்

ஆய்வு நிதி கேட்டு அனுப்பிய களிமண் புரொபோசல், புதிய அறிவைத் தேடும் ‘அடிப்படை ஆய்வு அல்ல’ என்று திரும்பிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தலைப்பு அப்படியே இருக்கட்டும், குறிக்கோள் பத்தியை மட்டும் மாற்றி எழுதுங்கள். நீங்கள் இங்கே போட்டிருக்கும் அந்தப் பத்தியின் முதல் வரியே ‘குறைந்த செலவில் தரை ஓடு’ என்றுதான் தொடங்குகிறது. படிப்பவர் அங்கேயே இது தயாரிப்பு வேலை என்று முடிவு கட்டியிருப்பார்.

உங்கள் மண்ணில் நல்ல கேள்வி இருக்கிறது. சீனக் களிமண்ணைச் சூடாக்கினால் 550 டிகிரி வாக்கில் நீர் போய், மெட்டாகயோலின் என்ற ஒழுங்கு குலைந்த பொருளாக ஆகும். 980 டிகிரி அருகே டிடிஏ (சூடாக்கும்போது பொருள் வெப்பத்தை விடுவதையும் உறிஞ்சுவதையும் காட்டும் சோதனை) வரைபடத்தில் கூர்மையாக ஒரு முகடு எழும். அங்கே முதலில் உருவாகும் படிகம் ஸ்பினலா, முல்லைட்டா என்று ஆய்வாளர்களிடையே பல காலமாகச் சண்டை. உங்கள் மண்ணில் உள்ள இரும்பு அந்த மாற்றத்தை என்ன செய்கிறது? அதுதான் குறிக்கோள்.

ஒரு சோதனை: ‘ஓடு’, ‘செலவு’, ‘தொழிற்சாலை’ மூன்றையும் அடித்துவிட்டுப் படியுங்கள். கேள்வி ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் திருப்பியவர் சொன்னது சரி.

இதற்கான சோதனைக் கருவி இல்லை என்பது பெரிய தடை இல்லை. களியக்காவிளையில் திருவனந்தபுரம் பஸ் ஏறினால் பாப்பனங்கோடு வழியில்தான். அங்கே மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் அமைப்பைச் சேர்ந்த என்ஐஐஎஸ்டி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கூட்டு ஆய்வாளர் கிடைப்பாரா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், அமெரிக்க அரசின் ஆய்வு நிதி அமைப்பான என்எஸ்எஃப்பின் செராமிக்ஸ் திட்டத்தை நம்பி இருக்காதீர்கள். அடிப்படை ஆய்வுக்கானதுதான், ஆனால் விண்ணப்பம் அமெரிக்க நிறுவனம் வழியாகப் போக வேண்டும். நமக்கு, முன்பு ஆய்வு நிதி கொடுத்த எஸ்இஆர்பி வாரியம் இருந்த இடத்தில் 2023 சட்டப்படி வந்த ஏஎன்ஆர்எஃப் என்ற மத்திய அரசு அமைப்புதான். அடிப்படை ஆய்வு என்பதற்காகப் பயன் பற்றிய பத்தியை ஒரேயடியாகத் தூக்கிவிடாதீர்கள், கடைசிக்குத் தள்ளினால் போதும்.