நின்றுபோன படத்தில் கோபம் தெரிவது ஏன்?

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் கைப்பேசி சிக்னல் அடிக்கடி அறுந்துவிடும். சென்னையில் வேலை பார்க்கும் மகளோடு வீடியோ அழைப்பில் பேசும்போது படம் நின்றுபோனால், அவள் எரிச்சலோடு இருப்பதுபோல் தெரிகிறது. மறுபடி ஓடினால் முகம் தெளிவாகவே இருக்கிறது. "என்னம்மா கோபம்?" என்று கேட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். எந்த முகத்தை நம்புவது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அசைகிற முகத்தையே நம்புங்கள். பேசும்போது உதடு கோணுவதும் இமை பாதி தாழ்வதும் நொடியின் சிறு பகுதிக்குள் நடந்து முடிபவை. ஓட்டத்தில் அவற்றை நாம் கவனிப்பதில்லை. படம் அந்த இடத்தில் நின்றுவிட்டால், சொல்லின் பாதியில் நின்ற உதடு சுளிப்பாகவும், சிமிட்டலின் பாதியில் நின்ற இமை சலிப்பாகவும் நமக்குப் பொருள்படுகின்றன. ஓடும் காணொளியில் தெரியும் முகத்தைவிட, அதிலிருந்து பிரித்தெடுத்த நிழற்படங்களில் அதே முகம் களை குறைந்து தெரிவதாகப் பார்ப்பவர்கள் மதிப்பிடுகிறார்கள் என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

அசைவின் பங்கு இதோடு முடிவதில்லை. கனடாவின் உளவியலாளர் ஜான் பஸ்ஸிலி, 1970களின் இறுதியில், நடிப்பவர்களின் முகத்தில் கருமை பூசி, அதன்மேல் வெண்புள்ளிகள் இட்டு, இருளில் புள்ளிகள் மட்டும் தெரியுமாறு படமெடுத்தார். நிறுத்திக் காட்டினால் வெறும் புள்ளிக்கூட்டம். ஓடவிட்டதும், கண்ணும் வாயும் தெரியாத நிலையிலும், பார்த்தவர்கள் வெறும் ஊகத்தில் கிடைப்பதைவிடக் கூடுதலாக உணர்ச்சிகளை இனங்கண்டார்கள்.

ஓடும் படத்தில் பல படங்கள் அடங்கியிருப்பதால் இந்த நன்மையா என்று கேட்கலாம். 2005இல் அம்பதார், ஸ்கூலர், கோன் ஆகிய மூவர் இதையே சோதித்தார்கள். மெல்லிய உணர்ச்சிகள் ஓடும் படத்தில் நன்கு விளங்கின. அதே படங்களுக்கு இடையிடையே வேறொரு காட்சியைச் செருகி ஓட்டத்தைத் துண்டித்தபோது, எண்ணிக்கை குறையாதிருந்தும், அந்த நன்மை மறைந்துபோனது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் அடுத்தடுத்துக் காட்டியபோதோ ஓடும் படத்துக்கு இணையாகவே விளங்கியது. நம் கண் தேடுவது, முகம் எதிலிருந்து எதுவாக மாறியது என்பதைத்தான்.

வாய்விட்டுச் சிரிக்கும் முகத்துக்கு இந்த உதவி அவ்வளவாகத் தேவைப்படாது. சுவரில் மாட்டிய படமே போதும். ஆனால் தாயும் மகளும் பேசும் பேச்சில் பெரும்பகுதி, புருவம் சற்றே உயர்வதும் உதட்டோரம் துடிப்பதுமான மெல்லிய குறிப்புகளால் ஆனது. ஆகையால் படம் நின்றால் குரலைக் கேளுங்கள், முகத்தைப் படிக்காதீர்கள்.

கேள்வி: ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைப் படமெடுக்கிறேன். சிரிப்பு உண்மையா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: உறுதியாகச் சொல்ல முடியாது. கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்கினால்தான் அது உண்மைச் சிரிப்பு என்று பிரான்சின் மருத்துவர் துஷேன் 1862இல் எழுதினார்; அந்தச் சுருக்கத்தைப் பலரால் வேண்டுமென்றே வரவழைக்கவும் முடிகிறது என்பது பின்னர் தெரியவந்தது. சட்டென்று தோன்றும் சிரிப்பைவிட மெதுவாகப் பரவும் சிரிப்பையே பார்ப்பவர்கள் உண்மையானதாகக் கருதுகிறார்கள். அந்தப் பரவலைக் காண்பது கேமராவுக்குப் பின்னால் நிற்கும் நீங்கள் மட்டுமே. அச்சிட்ட படத்தில் அது வராது.