நிரந்தரக் கடன் பத்திரம்: வங்கி தடுமாறினால் முதலில் யாருடைய பணம் போகும்?

கேள்வி: நான் அண்மையில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் நிலையான வைப்பில் போட்டிருக்கிறேன். உலக அளவில் பெயர்பெற்ற ஒரு வங்கி வெளியிட்டிருக்கும் ‘ஏ.டி.1’ என்ற நிரந்தரக் கடன் பத்திரத்தை வாங்கும்படி, என் கணக்கைக் கவனிக்கும் அதிகாரி தொடர்ந்து வலியுறுத்துகிறார். வைப்புக்குக் கிடைப்பதைவிட ஏறத்தாழ மூன்று சதவீதம் கூடுதல் வட்டி கிடைக்குமாம். கிரெடிட் சுவிஸ் வங்கியின் வீழ்ச்சிக்குப் பிறகு எல்லா நாடுகளிலும் சட்டத்தை இறுக்கிவிட்டதால் இனி அச்சமில்லை என்றும் சொல்கிறார். என் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், அம்மா. மூன்றில் ஒரு பங்கு என்பது உங்கள் நிலையில் உள்ள ஒருவருக்கு மிகப் பெரிய தொகை. அதைவிட முக்கியமான காரணம், இந்தப் பத்திரம் வைப்புக்கு மாற்றாக வைத்துப் பார்க்கக்கூடியதே அல்ல. சட்டம் இறுக்கப்பட்டது என்று அந்த அதிகாரி சொன்னது ஓரளவு உண்மைதான். ஆனால் யாரைக் காப்பதற்காக இறுக்கப்பட்டது என்பதை அவர் உங்களிடம் சொல்லவில்லை. அதை விளக்குவதற்கே இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் சரிந்தபோது, அடுத்தடுத்து ஆட்டம் கண்ட வங்கிகளைக் காப்பாற்ற அரசுகள் வரிப்பணத்தைக் கொட்டின. இனி ஒரு வங்கி தடுமாறினால் அதன் இழப்பை வரி செலுத்துவோர் சுமக்கக் கூடாது, அந்த வங்கியில் முதலீடு செய்தவர்களே சுமக்க வேண்டும் என்ற கொள்கை அதன் பிறகுதான் உலக அளவில் உறுதிப்பட்டது. 2010-இல் வெளியான பாசெல் 3 என்ற பன்னாட்டு வங்கி விதிகள் வங்கியின் மூலதனத்தைப் பல அடுக்குகளாகப் பிரித்தன. மேலே இருப்பது சாதாரணப் பங்கு மூலதனம். அதற்கு அடுத்து இருப்பது கூடுதல் அடுக்கு-1 மூலதனம்; அதன் ஆங்கிலச் சுருக்கமே ஏ.டி.1. உங்களுக்கு விற்க முயலும் பத்திரம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. வங்கிக்கு நெருக்கடி வரும்போது இழப்பைத் தாங்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காகவே இது உருவாக்கப்பட்டது. கூடுதலாகத் தரும் வட்டி அந்தச் சுமையை ஏற்பதற்கான கூலி.

இதன் நிபந்தனைகளைப் பார்த்தால் இது தெளிவாகும். முதிர்வுத் தேதி கிடையாது. முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வங்கி விரும்பினால் பணத்தைத் திருப்பித் தரலாம், விரும்பாவிட்டால் தொடரலாம். ஐந்தாம் ஆண்டில் பணம் திரும்பி வந்துவிடும் என்றே பலரும் நம்பியிருந்தனர். 2019-இல் ஸ்பெயினின் சான்டாண்டர் வங்கி தன் ஏ.டி.1 பத்திரம் ஒன்றைத் திரும்பப் பெறாமல் விட்டபோதுதான், அந்த உரிமை வங்கியிடம் மட்டுமே இருக்கிறது என்பது பலருக்கு உறைத்தது. வட்டித் தவணையையும் வங்கி தன் விருப்பப்படி நிறுத்தலாம். நிறுத்திய தவணை பின்னர் சேர்த்துத் தரப்படாது, அதைக் கடன் தவறியதாகக் கொண்டு வழக்குத் தொடரவும் முடியாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வங்கியின் இடர் சார்ந்த சொத்துகளோடு ஒப்பிடும்போது அதன் பங்கு மூலதன விகிதம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், பொதுவாக அது 5.125% அல்லது 7%, பத்திரம் பங்காக மாற்றப்படும் அல்லது அதன் மதிப்பு குறைக்கப்படும். அந்த அளவுக்கு வருவதற்கு முன்பே, வங்கி இனித் தாக்குப்பிடிக்காது என்று ஒழுங்குமுறை அமைப்பு முடிவு செய்தாலும் இதே கதிதான்.

கிரெடிட் சுவிஸ் விவகாரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. 2023 மார்ச் 19, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் சந்தை திறப்பதற்குள் முடிவு காண வேண்டும் என்ற நெருக்கடியில், யுபிஎஸ் வங்கி கிரெடிட் சுவிஸை 300 கோடி பிராங்குக்கு வாங்கும் என்று சுவிட்சர்லாந்து அரசு அறிவித்தது. நிறுவனச் சட்டப்படி இத்தகைய இணைப்புக்குப் பங்குதாரர்களின் ஒப்புதல் தேவை. அவசரச் சட்டத்தின் வழியாக அந்த வாக்கெடுப்பையே தவிர்த்தனர். அப்படியிருந்தும் பங்குதாரர்களுக்கு 22.48 கிரெடிட் சுவிஸ் பங்குகளுக்கு ஒரு யுபிஎஸ் பங்கு என்ற கணக்கில் ஏதோ கிடைத்தது. ஏ.டி.1 பத்திரம் வைத்திருந்தவர்களுக்கோ ஒரு காசும் இல்லை. ஏறத்தாழ 1,600 கோடி பிராங்கு மதிப்புள்ள பத்திரங்களை முழுவதுமாகத் தள்ளுபடி செய்யும்படி அந்நாட்டின் நிதிச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான ஃபின்மா உத்தரவிட்டது.

வங்கி வீழ்ந்தால் பங்குதாரர் முதலில் இழக்க வேண்டும், அவருடைய பணம் முழுவதும் தீர்ந்த பிறகே கடன் கொடுத்தவரின் முறை வர வேண்டும் என்பதுதான் உலகெங்கும் நிறுவனச் சட்டத்தின் அடிப்படை வரிசை. இங்கே அந்த வரிசை தலைகீழானது. இதற்கு ஃபின்மா காட்டிய ஆதாரங்களில் முதலாவது வெளியீட்டு ஆவணத்திலேயே இருந்தது. வங்கி அரசின் அசாதாரண உதவியைப் பெறும் நிலை வந்தால் பத்திரத்தின் மதிப்பை நிரந்தரமாக நீக்கலாம் என்ற நிபந்தனை அதில் அச்சிடப்பட்டிருந்தது. அதற்கு வலுவூட்ட அவசரச் சட்டமும் துணைக்கு வந்தது.

அடுத்த நாளே ஐரோப்பிய ஒன்றியத்தின் வங்கிக் கண்காணிப்பு அமைப்புகள், எங்கள் பகுதியில் பங்குதாரர்தான் முதலில் இழப்பை ஏற்பார் என்று கூட்டறிக்கை விட்டன. பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியும், ஹாங்காங், சிங்கப்பூர் ஒழுங்குமுறை அமைப்புகளும் அதே உறுதியைத் தந்தன. இவை நல்ல வார்த்தைகள்தான். ஆனால் வரிசை சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டாலும் ஏ.டி.1 வைத்திருப்பவருக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள். 2017 ஜூன் 7 அன்று ஸ்பெயினின் பாங்கோ பாப்புலர் வங்கி ஒரே ஒரு யூரோவுக்கு விற்கப்பட்டது. அங்கே பங்குதாரர்களும் முழுமையாக இழந்தனர், ஏ.டி.1 வைத்திருந்தவர்களும் முழுமையாக இழந்தனர். வரிசை மீறப்படவில்லை என்ற ஆறுதல், முதலைப் பறிகொடுத்தவருக்கு எதையும் மீட்டுத் தராது.

நீதிமன்றம் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். 2025 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், அந்தத் தள்ளுபடிக்கு உரிய சட்ட அடிப்படை இல்லை என்று ஒரு பகுதித் தீர்ப்பில் கூறியது. பெரிய திருப்பம் அது. கடன் கொடுத்தவரின் உரிமையை மதிக்கும் தீர்ப்பு என்பதால் அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்கு இரண்டரை ஆண்டுகள் ஆயின. பணத்தை எப்படித் திருப்பித் தருவது என்பதை அது முடிவு செய்யவும் இல்லை. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்வதாக ஃபின்மா அறிவித்தது. பெரிய நிதி நிறுவனங்களால் காத்திருக்க முடியும். மாத வருமானத்துக்காக முதலீடு செய்யும் ஓய்வுபெற்றவரால் முடியாது.

இனி, சட்டம் இறுகியது பற்றி. 2023 நவம்பரில் யுபிஎஸ் 9.25% வட்டியில் புதிய ஏ.டி.1 பத்திரங்களை வெளியிட்டபோது, நெருக்கடி வந்தால் மதிப்பை அழிப்பதற்குப் பதிலாகப் பங்காக மாற்ற வழிசெய்யும் நிபந்தனையைச் சேர்த்தது. பங்குதாரர்களின் ஒப்புதலையும் பெற்றது. முதலீட்டாளர்கள் பாடம் கற்றுக் கேட்டு வாங்கிய மாற்றம் அது. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. நெருக்கடியின்போது இந்தப் பத்திரம் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது என்றும், சாதாரண மக்களிடம் இது அதிகம் இருப்பது ஆபத்து என்றும் கருதி, 2027 முதல் வங்கிகளின் மூலதனக் கணக்கிலிருந்து இதைப் படிப்படியாக நீக்க அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு முடிவு செய்துவிட்டது. பிரிட்டன் 2015-இலேயே சிறு முதலீட்டாளர்களுக்கு இவற்றை விற்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. ஆக, உங்களைப் போன்றவர்கள் இந்தப் பத்திரத்தின் பக்கம் வராமல் தடுப்பதற்காகத்தான் பல நாடுகள் விதிகளை இறுக்கியிருக்கின்றன. அந்த இறுக்கத்தையே பாதுகாப்புச் சான்றாகக் காட்டி உங்களிடம் விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இந்தியாவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் யெஸ் வங்கியைச் சீரமைத்தபோது 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள ஏ.டி.1 பத்திரங்கள் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டன. பங்குகளோ நீடித்தன. வாங்கியவர்களில் பலர் அந்த வங்கியின் பழைய வாடிக்கையாளர்கள்; வைப்பை முதிர்வுக்கு முன்பே முறித்து இதில் போட்டவர்களும் அவர்களில் இருந்தனர் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தன் உத்தரவில் பதிவு செய்தது. அந்த உத்தரவை வங்கி மேல்முறையீட்டில் எதிர்த்தது. தள்ளுபடி செல்லாது என்று 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இதற்கிடையே, 2020 அக்டோபரிலேயே செபி இத்தகைய பத்திரங்களின் வெளியீட்டில் தகுதிபெற்ற நிறுவன முதலீட்டாளர்கள் மட்டுமே பங்கேற்கலாம் என்றும், குறைந்தபட்ச ஒதுக்கீடு ஒரு கோடி ரூபாய் என்றும் விதித்துவிட்டது.

அந்த அதிகாரி மீண்டும் வந்தால், வண்ண அச்சில் இருக்கும் இரண்டு பக்கச் சுருக்கத்தை ஒதுக்கிவிட்டு, முழு வெளியீட்டு ஆவணத்தைக் கேளுங்கள். அதில் இழப்பை ஏற்பது தொடர்பான பகுதியைத் தேடுங்கள். மதிப்பு ‘நிரந்தரமாக’ நீக்கப்படுமா, ‘தற்காலிகமாக’ நீக்கப்பட்டுப் பின்னர் மீளுமா, அல்லது பங்காக மாறுமா என்ற ஒரே சொல்லில் உங்கள் முதலின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது. பங்குதாரருக்கு முன்பாகவே உங்கள் பணத்தை அழிக்க இடமிருக்கிறதா, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், எந்த நீதிமன்றத்தில் முறையிட வேண்டும் என்பதையும் பாருங்கள். பிறகு, வங்கி வீழ்ந்தாலும் ஒரு வரம்பு வரை பணத்தைத் திருப்பித் தரும் வைப்புக் காப்பீடு இந்தப் பத்திரத்துக்கு உண்டா என்ற கேள்விக்கு அவரிடம் எழுத்துப்பூர்வமான பதில் கேளுங்கள். கிடையாது என்பதே சரியான பதில். அதைத் தன் கையொப்பத்துடன் எழுதித் தரத் தயங்குகிறவரிடம் எதையும் வாங்க வேண்டாம்.

கூடுதல் வருமானம் வேண்டுமென்றால், அரசுப் பத்திரங்களையும், இழப்பை ஏற்கும் முறை ஏ.டி.1-க்குப் பின்னரே வரும், வலுவான வங்கிகள் வெளியிடும் முன்னுரிமைக் கடன் பத்திரங்களையும் ஒரு சிறு அளவில் பார்க்கலாம். இவற்றிலும் வித்தியாசம் அறிந்து வாங்க வேண்டும். ஐரோப்பாவில் முன்னுரிமை இல்லாத மூத்த கடன் என்றொரு வகையும் இழப்பைத் தாங்குவதற்காகவே வெளியிடப்படுகிறது. பெயர் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும் வரிசையில் இடம் வேறு; முன்னுரிமைக் கடனுக்கு முன்பே இது இழப்பை ஏற்க வேண்டும்.

மீதியை வைப்பிலேயே வைத்திருங்கள். ஆனால் ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம். காப்பீட்டு வரம்பு அமெரிக்காவில் 2,50,000 டாலர், ஐரோப்பிய ஒன்றியத்தில் 1,00,000 யூரோ, இந்தியாவில் 5 லட்சம் ரூபாய். பிரிட்டன் 2025 டிசம்பர் முதல் அதை 1,20,000 பவுண்டாக உயர்த்தியிருக்கிறது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது அமெரிக்க அரசு வரம்புக்கு மேற்பட்ட வைப்புகளையும் காப்பாற்றியது. அது அந்த நேரத்தில் எடுத்த தனி முடிவு. சட்டம் தரும் உரிமை அல்ல. 2013-இல் சைப்ரஸ் நாட்டின் ‘பாங்க் ஆஃப் சைப்ரஸ்’ வங்கியில் 1,00,000 யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களின் கூடுதல் தொகையில் 47.5% அந்த வங்கியின் பங்குகளாக மாற்றப்பட்டது. ஆகவே வட்டியும் சேர்த்து வரம்புக்குள் அடங்கும்படி தொகையைப் பிரித்துப் போடுங்கள். ஒரே வங்கியின் பல கிளைகளில் போடுவது பிரித்துப் போட்டதாகாது. கிளைகளில் உள்ள வைப்புகள் எல்லாம் ஒன்றாகவே கணக்கிடப்படும். வெவ்வேறு பெயரில் இயங்கும் வங்கிகள் ஒரே உரிமத்தின் கீழ் இருந்தால் பிரிட்டனில் வரம்பு ஒன்றுதான். எனவே உங்கள் வங்கிகளில் இரண்டு இணைவதாகச் செய்தி வந்தால், இணைப்பு நடைமுறைக்கு வரும் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்குள் வரம்பை மீறும் தொகையை வேறு வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.