ஜோ சாவினுல் பாட்டு கட்டும் விதம்: கேள்வி பதில்

வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் கீபோர்டு கலைஞர் ஜோ சாவினுலின் (1932–2007) இசையமைப்பு பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. நான் பல வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்டும், வாசித்துப் பார்த்தும் வரும் ஆள் இவர். அதனால் சில பதில்கள் நீளமாகப் போய்விட்டன.

கேள்வி: சார், எனக்கு ஜாஸ் புதுசு. 'பேர்ட்லேண்ட்' மட்டும் கேட்டிருக்கிறேன். இவர் யார், எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: வியன்னாவில் பிறந்தவர். சின்ன வயதில் கையில் இருந்தது அக்கார்டியன். அப்புறம் பியானோ. 1959-ல் அமெரிக்கா போனார். பாடகி டைனா வாஷிங்டனுக்கு வாசித்தார். 1961-லிருந்து 1970 வரை சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் குழுவில் இருந்தார். 1970 கடைசியில் சாக்ஸபோன்காரர் வெய்ன் ஷார்ட்டர், பாஸ்காரர் மிரோஸ்லாவ் விட்டோஸ் இருவரோடும் சேர்ந்து வெதர் ரிப்போர்ட்டைத் தொடங்கினார். அது 1986 வரை ஓடியது.

முதலில் 'மெர்சி மெர்சி மெர்சி' கேளுங்கள். 1966-ல் ஆடர்லி குழுவுக்காக எழுதியது. அடுத்து 1977-ல் வந்த வெதர் ரிப்போர்ட்டின் 'ஹெவி வெதர்' ஆல்பத்தில் 'எ ரிமார்க் யூ மேட்'. இந்த இரண்டும் பிடித்துவிட்டால் மற்றதைத் தேடி நீங்களே போவீர்கள்.

கேள்வி: அண்ணே, அவர் உட்கார்ந்து எப்படி எழுதுவார்? கார்டு ப்ரோக்ரஷன் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளின் வரிசை) போட்டுவிட்டு மெலடி வைப்பாரா, இல்லை தலைகீழா?

பதில்: இரண்டும் இல்லை தம்பி. வாசிப்பார். டேப் ஓடிக்கொண்டே இருக்கும். மனதில் வருவதை நிறுத்தாமல் வாசித்துவிட்டு, பிறகு அந்த டேப்பைக் கேட்டு, பிடித்த பகுதியை ஒரு ஸ்வரம் விடாமல் எழுதி எடுப்பார். அதைத்தான் குழு வாசிக்கும். பல பேர் மனோதர்மமாக வாசித்ததிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அதை நேராக்கி, எட்டு பார், பதினாறு பார் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) என்று வெட்டித் தைப்பார்கள். இவர் வெட்டுவதில்லை. கை அந்த நேரத்தில் ஒரு இடத்தில் கூடுதலாக அரை பார் தங்கியிருந்தால் அந்த அரை பார் நொட்டேஷனிலும் இருக்கும். அவருடைய உருப்படிகளில் சொற்றொடர்கள் ஏறுக்குமாறான நீளத்தில் வருவதும், அப்படி வந்தும் பேச்சு மாதிரி இயல்பாக ஒலிப்பதும் இதனால்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் கிளம்புகிறது. இடது கை கீழ் ஸ்தாயியில் வாசிக்கும் பாஸ் வரியும் வலது கையின் மெலடியும் ஒரே சமயத்தில் பிறக்கின்றன. கார்டு என்பது இரண்டுக்கும் நடுவில் அந்தந்தக் கணத்தில் விழுவது. அதனால் அவருடைய பாட்டுகளுக்கு வெறும் கார்டு பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு வாசித்தால் பாட்டு காணாமல் போய்விடும். பாஸ் வரியை அப்படியே வாசிக்க வேண்டும், உள்குரல்களையும் அப்படியே. ஜாஸ் மேடைகளில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளில் இதைத் தளர்த்தலாம். சாவினுலிடம் முடியாது.

1974-ல் வந்த வெதர் ரிப்போர்ட்டின் 'மிஸ்டீரியஸ் டிராவலர்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'நூபியன் சன்டான்ஸ்'. பத்து நிமிடத்துக்கு மேல் போகிறது. அதில் தீம், சோலோ (ஒருவரின் தனி வாசிப்பு), மறுபடி தீம் என்ற ஜாஸின் வழக்கமான வடிவத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஒரு யோசனை அடுத்ததைக் கூட்டி வருகிறது, அது இன்னொன்றை. இது வாசித்துப் பிறந்த இசையின் போக்கு. காகிதத்தில் திட்டம் போட்டு எழுதியிருந்தால் இப்படி வந்திருக்காது என்பது என் திடமான எண்ணம்.

கேள்வி: 'இன் எ சைலன்ட் வே' மைல்ஸ் டேவிஸ் பாட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது சாவினுலுடையதா?

பதில்: ஆமாம், அவருடையதுதான். 1969 பிப்ரவரியில் நியூயார்க்கில் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் அதைப் பதிவு செய்தார். அன்று ஸ்டுடியோவில் மூன்று கீபோர்டு: ஹெர்பி ஹான்காக்கும் சிக் கொரியாவும் எலெக்ட்ரிக் பியானோவில், சாவினுல் ஆர்கனில். சாவினுல் கொண்டு வந்த பாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும் கார்டுகள் இருந்தன. மைல்ஸ் அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, அடியில் ஈ (E) என்ற ஒரே ஸ்வரத்தை நிற்க வைத்து, அதன் மேல் மெலடியை மட்டும் மிதக்க விட்டார். தயாரிப்பாளர் டியோ மசெரோ அந்தப் பகுதியை டேப்பில் பிரதி எடுத்துப் பாட்டின் கடைசியிலும் ஒட்டினார்.

சாவினுல் எழுதியபடியே கேட்க வேண்டுமென்றால் 1971-ல் அவர் பெயரிலேயே வந்த 'சாவினுல்' ஆல்பத்துக்குப் போங்கள். ஆஸ்திரியாவில் சிறுவனாக ஆடு மாடு மேய்த்த நாட்களின் பதிவு என்று அந்தப் பாட்டுக்கு அதில் குறிப்பு எழுதியிருக்கிறார். அதே ஆல்பத்தில் 'ஹிஸ் லாஸ்ட் ஜர்னி' என்ற பாட்டு, குளிர்காலத்தில் மலைக் கிராமத்தில் நடந்த தாத்தாவின் இறுதி ஊர்வலம் பற்றியது.

எது மேல் என்றால்? மைல்ஸின் வடிவம் சரித்திரத்தில் நின்றுவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மெலடி ஏன் அந்த ஸ்வரத்துக்குப் போகிறது என்பது சாவினுலின் கார்டுகளோடு கேட்கும்போதுதான் புரியும். எனக்கு இரண்டாவதுதான் நெஞ்சுக்கு நெருக்கம்.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் கேட்பவள். ஒரே கார்டில் நிற்கும் அவருடைய பாட்டுகளில் நம் சுருதி மாதிரி ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. ராக யோசனையில் எழுதினாரா?

பதில்: சுருதி என்று உங்கள் காதுக்குப் பட்டது சரிதான் அம்மா, நிலையான ஒரு ஸ்வரம் அடியில் இருக்கிறது. ஆனால் ராகம் என்று போக வேண்டாம். ஒரு பாட்டுக்குள்ளேயே அவர் எந்த ஸ்வரத்தையும் கூட்டிக்கொள்வார், ஆரோகண அவரோகண ஒழுங்கு கிடையாது. அவருடைய ஊற்று ஆஸ்திரிய நாட்டுப்பாட்டும், கறுப்பினத்தவரின் தேவாலய இசையும் ப்ளூஸும்தான்.

கேள்வி: 'பேர்ட்லேண்ட்' எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் பிரித்துச் சொல்ல முடியுமா?

பதில்: 'ஹெவி வெதர்' ஆல்பத்தில் வரும் அது, நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் ஜாஸ் கிளப்புக்கான வணக்கம். தன் மனைவி மேக்சினை அங்கேதான் முதலில் சந்தித்தார்.

முதலில் சிந்தசைசரில் பாஸ் வரி தனியாக வருகிறது. அதன் மேல் உச்சத்தில் கிடார் மாதிரி ஒரு மெலடி. அது கிடார் இல்லை, குழுவின் பாஸ்காரர் ஜாகோ பாஸ்டோரியஸ் பாஸ் கிடாரில் ஹார்மானிக்ஸ் (தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் உச்ச ஒலி) எடுத்து வாசிக்கிறார். அதாவது பாஸ் வேலையைக் கீபோர்டும், மேல் மெலடியை பாஸும் செய்கின்றன. அப்புறம் சின்னச் சின்ன ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் துணுக்குகள்) ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன. கவுன்ட் பேசி மாதிரியான பெரிய பேண்டுகளில் ட்ரம்பெட்காரர்கள் ஒரு ரிஃப், சாக்ஸபோன்காரர்கள் ஒரு ரிஃப் என்று பதில் சொல்லிக்கொள்வார்களே, அதே உத்தி. ஆனால் இங்கே மொத்தமே ஐந்து பேர். மீதிப் பேண்டு சாவினுலின் விரல்களில் இருக்கிறது.

நாம் எல்லோரும் முணுமுணுக்கும் அந்தப் பெரிய தீம் உடனே வருவதில்லை. அதற்கு முன்னால் இத்தனையையும் அடுக்கிக் காதைத் தயார் செய்துவிட்டுத்தான் அதைத் திறக்கிறார். பெரிய சோலோ என்று எதுவும் இல்லாத ஒரு ஆறு நிமிட ஜாஸ் பாட்டு ஹிட் ஆனதற்கு இந்தக் காக்க வைத்தலும் ஒரு காரணம். 1979-ல் மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் இதற்குச் சொற்கள் சேர்த்துப் பாடினார்கள். சொற்கள் எழுதியவர் ஜான் ஹென்ட்ரிக்ஸ்.

கேள்வி: கீபோர்டைத் தலைகீழாக்கி வாசிப்பார் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மையா, கதையா?

பதில்: உண்மை. ஏ.ஆர்.பி. 2600 என்ற சிந்தசைசரில் மின்னழுத்தத்தைத் திருப்பிவிட வழி உண்டு. திருப்பினால் வலது பக்கம் போகப் போக ஸ்வரம் இறங்கும், இடது பக்கம் ஏறும். 1976-ல் வந்த 'பிளாக் மார்க்கெட்' பாட்டின் மெலடி இப்படி வந்ததுதான்.

இதை வித்தை என்று தள்ளிவிடாதீர்கள். பல வருடம் வாசித்த கைக்குப் பழகிய பாதைகள் இருக்கும், விரல் தானாக அங்கேதான் போகும். கீபோர்டைத் திருப்பினால் அந்தப் பாதைகள் எல்லாம் அடைபடும். விரலின் அசைவு பழையது, வெளியே வரும் மெலடி புதியது. வாசித்து எழுதுகிறவருக்கு, பழகிய கைதான் பெரிய ஆபத்து. அதற்கு இதைவிடத் துணிச்சலான மருந்தை நான் பார்த்ததில்லை.

கேள்வி: அவர் பாட்டில் யார் சோலோ வாசிக்கிறார் என்றே எனக்குப் பிடிபடுவதில்லை.

பதில்: பிடிபடக் கூடாது என்றுதான் எழுதினார். எல்லோரும் எப்போதும் சோலோவில் இருக்கிறோம், யாரும் சோலோவில் இல்லை என்பதே வெதர் ரிப்போர்ட் குழுவின் கொள்கை.

கேள்வி: சவுண்டுக்கும் இசையமைப்புக்கும் என்ன சம்பந்தம்? எந்தப் பாட்டையும் பியானோவில் வாசித்தால் போதாதா?

பதில்: இவரிடம் போதாது. சிறுவனாக இருந்தபோதே பில்லியர்ட்ஸ் மேசையின் துணியைக் கொஞ்சம் கொண்டுவந்து அக்கார்டியனுக்குள் ஒட்டி ஒலியை மாற்றிப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வெதர் ரிப்போர்ட்டின் முதல் ஆல்பத்தில் (1971) முதல் பாட்டு 'மில்கி வே'. அதில் சிந்தசைசரே கிடையாது. சாவினுல் பியானோவில் சில கட்டைகளைச் சத்தமில்லாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஷார்ட்டர் சோப்ரானோ சாக்ஸபோனை பியானோவுக்குள் ஊதுகிறார். திறந்திருக்கும் தந்திகள் அதைக் கேட்டு அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் பாட்டு. அந்தக் காலத்தில் ரோட்ஸ் என்ற எலெக்ட்ரிக் பியானோவை, ஒலியை உருமாற்றும் ரிங் மாடுலேட்டர் கருவி வழியாக அனுப்புவார். பிறகு ஏ.ஆர்.பி., ஓபர்ஹைம், ப்ராஃபெட்-5 என்று சிந்தசைசர்களுக்குப் போனார். ஒலியை முதலில் செய்துவிட்டு, அந்த ஒலி எதை வாசிக்கச் சொல்கிறதோ அதை வாசிப்பார். மூச்சுவிடும் ஒலியென்றால் நீண்ட வாக்கியங்கள் வரும், சுருக்கென்ற ஒலியென்றால் தாளம் வரும். இதனால் அவர் பாட்டை ஒலி மாற்றி வாசிக்கும்போது பாதி அர்த்தம் கழன்றுவிடுகிறது.

கேள்வி: 'மிஸ்டர் கான்' ஆல்பத்தைப் பத்திரிகைகள் திட்டினார்களாமே?

பதில்: வெதர் ரிப்போர்ட்டின் ஆல்பம் அது, 1978-ல் வந்தது. டவுன்பீட் என்ற ஜாஸ் பத்திரிகை ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தது, சாவினுல் கடுமையாகக் கோபப்பட்டார். என் அபிப்பிராயம்: ஒரு நட்சத்திரம் அநியாயம். அதிலுள்ள 'யங் அண்ட் ஃபைன்' ஒன்றுக்கே அதைவிட அதிகம் கொடுக்கலாம். ஆனால் ஸ்டுடியோவில் கீபோர்டு அடுக்குகள் மிக அதிகமாகி, மற்றவர்கள் மூச்சுவிட இடமில்லாமல் போயிருக்கிறது என்பதும் நிஜம்.

கேள்வி: ஷார்ட்டரின் பங்கு என்ன? எல்லாவற்றையும் சாவினுலுக்கே கொடுத்துவிடுகிறோமே.

பதில்: நியாயமான கேள்வி. 'பிளாக் மார்க்கெட்' ஆல்பத்தில் 'எலிகன்ட் பீப்பிள்', 'ஹெவி வெதர்' ஆல்பத்தில் 'ஹார்லிக்வின்', 'பல்லேடியம்' எல்லாம் ஷார்ட்டர் எழுதியவை. 'டீன் டவுன்' ஜாகோவுடையது. சாவினுல் மெலடியைப் பாட்டுப் போல் பாட வைப்பவர், ஷார்ட்டர் அதைப் புதிராக்குபவர். 'எ ரிமார்க் யூ மேட்' மறுபடி கேளுங்கள். அந்த மெலடி ஜாகோவின் ஃப்ரெட்லெஸ் (கழுத்தில் மெட்டுகள் இல்லாத) பாஸுக்கும் ஷார்ட்டரின் டெனர் சாக்ஸபோனுக்கும் அளவெடுத்து எழுதியது. வேறு இரண்டு பேர் அந்த இடத்தில் இருந்திருந்தால் சாவினுல் வேறு ஸ்வரங்களை எழுதியிருப்பார்.

கேள்வி: பிற்காலப் படைப்புகள் கேட்கத் தக்கவையா?

பதில்: 1996-ல் வந்த 'மை பீப்பிள்' கட்டாயம் கேளுங்கள். மாலி நாட்டுப் பாடகர் சாலிஃப் கெய்ட்டா அதில் பாடுகிறார்.

கேள்வி: நான் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். அவர் முறையில் எழுதிப் பழக ஏதாவது பயிற்சி சொல்லுங்கள் அண்ணா.

பதில்: போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் வாசி. இடது கை பாஸ் வரி, வலது கை மெலடி, அவ்வளவுதான். முழுக் கார்டு பிடிக்காதே. மறுநாள்தான் கேட்க வேண்டும், உடனே கேட்டால் வாசித்தபோது இருந்த எண்ணம்தான் காதில் விழும். பிடித்த அரை நிமிடத்தை எழுதி எடு, திருத்தாமல். கணக்கு இடறினால் இடறட்டும், அங்கே நாலே முக்கால் பார் இருந்தால் நாலே முக்கால்தான். மெட்ரோனோமைத் தட்டி அதைச் சரிசெய்யத் தோன்றும், அந்த ஆசையைத்தான் முதலில் அடக்க வேண்டும்.

எழுதியதைப் பார்த்தே வாசித்துப் பழகு. உன் கையிலிருந்து வந்ததுதான் என்றாலும் முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். அது கைவந்த பிறகு, அதன் முடிவிலிருந்து மறுபடி ரெக்கார்டரைப் போட்டு மேலே வாசி.