கடல்நீர்த் தொட்டி கேள்வி பதில்: சுத்தம் செய்ய நத்தையா, துறவி நண்டா?

200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன், ஒரு டாம்செல் மீன். கண்ணாடியில் பச்சைப் படலம், பாறையில் முடி முடியாகப் பாசி. கடையில் 20 துறவி நண்டு வாங்கிப் போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், கோவை

வேண்டாம். காலி நத்தை ஓட்டில் குடியிருக்கும் துறவி நண்டு கண்ணாடியில் ஏறாது. உங்கள் தொல்லையில் பாதி கண்ணாடியில் இருக்கிறது. அது நத்தையின் வேலை. தவிர, நண்டு பாசியை மட்டும் தின்னும் பிராணி அல்ல. மீன் விட்டுவைத்த தீவனம், செத்த மீன், புழு, நத்தை எல்லாமே அதற்கு உணவுதான். 200 லிட்டரில் 20 நண்டை விட்டால் இரண்டே வாரத்தில் பொறுக்கித் தின்ன ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் அவற்றின் பார்வை நத்தைகள் பக்கம் திரும்பும்.

முதலில் ட்ரோக்கஸ் நத்தை ஐந்து வாங்குங்கள். கூம்பு வடிவ ஓடு. கண்ணாடி, பாறை இரண்டையும் மேயும். மல்லாந்து விழுந்தால் தானே புரண்டுகொள்ளும். அதே சாயலில் ஆஸ்ட்ரியா என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதுவும் நன்றாகவே மேயும், ஆனால் மணலில் கவிழ்ந்தால் எழ முடியாது. நீங்கள் ஊருக்குப் போன சமயம் விழுந்தால் கதை முடிந்தது. மணலுக்கும் பாறை இடுக்குக்கும் செரித் நத்தை ஆறு போதும், அவை இரவில்தான் சுறுசுறுப்பு. நஸ்ஸேரியஸ் நத்தை நான்கு விடலாம். மணலுக்குள் புதைந்து தும்பிக்கை போன்ற குழாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; தீவன வாசனை பட்டதும் கிளம்பி வரும். பாசி தின்னும் என்று சொல்லி இதை விற்பவர்கள் உண்டு. தின்னாது, மிச்ச உணவுக்கு மட்டும்தான்.

மெக்சிகன் டர்போ நத்தை பாசியை வெறித்தனமாகத் தின்னும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது குளிர்ந்த கடலுக்குப் பழகியது. கோடையில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டினால் நிற்காது. பெரிய உடம்பு வேறு. ஒட்டாமல் வைத்த பவளத் துண்டுகளைத் தள்ளிவிட்டுப் போகும்.

நத்தை விடும் முன் முடிப்பாசியைக் கையால் பிடுங்குங்கள். விரற்கடை நீளத்துக்கு வளர்ந்த பாசியை நத்தைகள் பெரும்பாலும் தொடாது. தரையோடு தரையாக இருப்பதைத்தான் சுரண்டும். பாறையை வெளியே எடுத்து, தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீர் வாளியில் வைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, பாறை இடுக்கில் பாசி மிஞ்சினால் நீலக்கால் துறவி நண்டோ சிவப்புத் துறவி நண்டோ மூன்று வாங்கலாம். இரண்டில் சிவப்பு கொஞ்சம் சாது.

வாங்கி வந்த எட்டு நத்தையில் ஆறு மறுநாளே அசையவில்லை. மீன்கள் நன்றாக இருக்கின்றன. ஏன்?
- வாசகி, சென்னை

பெரும்பாலும் உப்படர்த்தி மாற்றம். கடைகளில் ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் உப்புச் செலவைக் குறைக்கவும் நீரின் ஒப்படர்த்தியை (நன்னீர் என்றால் 1) 1.020 அளவில் வைத்திருப்பது உண்டு, வீட்டில் 1.025 இருக்கும். மீன் தாங்கும், நத்தை தாங்காது. பையிலுள்ள நீரை ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பை அளக்கும் கருவி) அளந்து பார்த்துவிட்டு, நத்தைகளை அந்த நீரோடு ஒரு சிறு வாளியில் விடுங்கள். ஏர் குழாயில் தளர்வாக முடிச்சுப் போட்டுத் தொட்டி நீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக இறக்குங்கள். நீர் மூன்று மடங்கானதும் மறுபடி அளந்து, வாளி நீரும் தொட்டி நீரும் ஒத்துவந்தால் நிறுத்தலாம். ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும். வாளி நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நத்தையை மேலிருந்து போடாமல், பாதம் பாறையில் படும்படி வையுங்கள்.

அசையாத நத்தையெல்லாம் செத்தது அல்ல. ஓட்டின் வாயை அடைக்கும் மூடி இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது, ஒரு நாள் பொறுங்கள். மூடி தளர்ந்து, முகர்ந்தால் குடலைப் புரட்டும் நாற்றம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள்; விட்டுவைத்தால் அம்மோனியா ஏறும்.

இன்னொரு சந்தேகம்: வெள்ளைப்புள்ளி நோய்க்கு அந்தத் தொட்டியிலேயே செம்பு கலந்த மருந்து ஊற்றியதுண்டா? செம்பு, நத்தைக்கும் நண்டுக்கும் விஷம். பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிற்பாடு கசியவிடும். சோதனைக் கிட் வாங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நண்டு ஒன்று நத்தையைத் தின்றுவிட்டு அதன் ஓட்டில் குடியேறிவிட்டது. இன்னொரு நண்டு செத்துக் கிடக்கிறது.
- வாசகர், திருச்சி

நண்டு வளர்கிறது, ஓடு வளர்வதில்லை. அதற்கு வீடு வேண்டும். ஒரு நண்டுக்கு இரண்டு மூன்று வெற்று ஓடுகள், இப்போதிருப்பதைவிடச் சற்றே பெரியதாக, வெவ்வேறு அளவில் போட்டு வையுங்கள். பத்து நிமிடம் கொதிக்கவைத்த பிறகு போடுங்கள். சாயம் பூசிய, வார்னிஷ் அடித்த அலங்கார ஓடுகள் கூடாது. வாரம் இரண்டு முறை மூழ்கும் தீவனம் ஒரு சிட்டிகை போட்டால் சண்டை குறையும். ஓடு கிடைத்தால் கொலையே நடக்காது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

செத்துக் கிடப்பது நண்டுதானா என்று பாருங்கள். உள்ளே சதையில்லாமல் கண்ணாடி போல மெலிந்திருந்தால் அது உரித்த சட்டை. உரிமையாளர் எங்காவது பாறைக்கடியில் ஒளிந்திருப்பார்.

ராமேஸ்வரம் பக்கம் நிறைய நத்தையும் நண்டும் கிடக்கின்றனவே, எடுத்துவந்து தொட்டியில் விடலாமா?
- வாசகர், பரமக்குடி

கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. ட்ரோக்கஸ் வகையில் பெரியது ஒன்றும், பெரிய டர்போ ஒன்றும் வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலிலும் உண்டு. சட்டத்தை விடுங்கள், எது பாசி தின்னும், எது மற்ற நத்தையைத் துளைத்துத் தின்னும் என்று கரையில் நின்று சொல்வது கடினம். முள்சங்குகள் இரண்டாம் ரகம். அழகான கோலம் போட்ட கூம்புநத்தை கொட்டினால் மனிதர்களுக்கே உயிராபத்து; கையில் எடுக்கவே வேண்டாம். கடற்கரைக் கடைகளில் விற்கும் நிலத்துறவி நண்டை நீரில் போட்டால் மூச்சுமுட்டிச் சாகும்.

மணலில் சிவப்பாக வழவழப்பான படலம். எந்த நத்தையும் தொடவில்லை.
- வாசகி, நாகர்கோவில்

தொடாது. அது பாசி அல்ல, சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர். சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். படலம் உள்ள பக்கம் நீரோட்டத்தைத் திருப்பிவிடுங்கள். தீவனத்தைப் பாதியாக்குங்கள். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் அளந்துவிட்டு எழுதுங்கள். ஆவியான நீருக்கு ஈடாக எந்த நீரை ஊற்றுகிறீர்கள் என்பதையும் சேர்த்து.