பழைய காரில் பழைய டிரெய்லரை இழுக்க இன்ஜினை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். 1965 ஷெவர்லே இம்பாலா வைத்திருப்பதாகவும் அதில் பழைய டிரெய்லரை இழுக்க நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்ஜினை விடுங்கள், முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

நீங்களும் கலிபோர்னியாவில்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என்னுடையதும் அதே வருட இம்பாலாதான். 283 கன அங்குல வி8 இன்ஜின், இரண்டே கியர் உள்ள பவர்கிளைட் ஆட்டோமேட்டிக். பின்னால் 16 அடி ஷாஸ்தா, அதாவது உள்ளே தங்கும் வசதியுள்ள பழைய டிரெய்லர், அலங்கார இறக்கை வைத்தது. சாமான்களோடு லாரி எடைமேடையில் 2,480 பவுண்ட் காட்டியது. வி8க்கு இது ஒரு பாரமே இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது 4,144 அடி டெஹோன் கணவாயைத் திணறாமல் ஏறியது.

இறக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஐ-5 நெடுஞ்சாலையில் கிரேப்வைன் பக்கம் ஐந்து மைலுக்கு 6 சதவீதச் சரிவு. மூன்றாவது மைலில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. பின் சீட்டில் என் இரண்டு பெண்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். லோ கியருக்குத் தள்ளி, பார்க்கிங் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி ஓரங்கட்டினேன். முன் சக்கரங்களில் புகை. டிரெய்லரின் பிரேக் டிரம்மில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

அதன் எலக்ட்ரிக் பிரேக் பிடிக்கவே இல்லை! தனி எர்த் ஒயர் கிடையாது. காரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்சின் துருப்பிடித்த உருண்டை வழியாகத்தான் கரண்ட் திரும்பிக்கொண்டிருந்தது. விளக்கு எரிய அது போதும். சக்கரத்துக்குச் சுமார் 3 ஆம்பியர் கேட்கும் பிரேக் மேக்னட்டுக்குப் போதாது. ஒயரிங் செய்தவர் விளக்கு எரிவதைக் காட்டித்தான் காசு வாங்கினார். நானும் நம்பினேன்.

1967க்கு முந்தைய இந்த ஷெவர்லேக்களில் பிரேக் ஆயிலுக்கு ஒரே சர்க்யூட்தான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக ஆயிலைத் தள்ளும் 1967 மாடலின் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் போட்டேன், முன்னால் டிஸ்க் பிரேக், டிரெய்லருக்குப் புது மேக்னட், பேட்டரி வரை தனி எர்த். ரேடியேட்டருக்கு முன்னால் கியர் ஆயில் கூலர். ஹிட்சை பம்பரில் மாட்டாதீர்கள், சேஸிஸில் போல்ட் போடுங்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சின் மேல் இறங்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டத்தில் டிரெய்லர் வால் போல ஆடும். இறக்கம் தொடங்கும் முன்பே லோ கியருக்கு வந்துவிடுங்கள்.

ஒரிஜினலைக் கெடுத்துவிட்டாய் என்று சிலர் வருவார்கள். கழற்றிய பாகங்களை எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம். அறுபதுகளில் எல்லோரும் டிரம் பிரேக்கோடுதானே இழுத்தார்கள் என்பார்கள். இழுத்தார்கள், அன்றைக்கு அந்த டிரம்மும் ஒயரும் புதுசு.

இன்னொன்று. இவ்வளவும் செய்து போனால், பத்து வருடத்துக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு இடமில்லை என்று டிரெய்லர்களை நிறுத்தித் தங்கும் பல ஆர்வி பார்க்குகளில் விதி வைத்திருக்கிறார்கள். போன கோடையில் ஒரு இடத்தில் வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் வருடத்தை மட்டும் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். குழந்தைகளோடு இரவு ஒன்பது மணிக்கு வேறு இடம் தேடினேன். அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் டிரெய்லர் எத்தனை பவுண்ட்? எடை போட்டுவிட்டு எழுதுங்கள்.