வேலூர் வெயிலில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை மாதம் ஆகிறது. குடியாத்தத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். பிறந்தபோது 2.8 கிலோ இருந்தவள், சென்ற வாரம் தடுப்பூசிக்குப் போனபோது 4.4 கிலோ இருந்தாள். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். "இந்த வெயிலில் குழந்தைக்கு நாக்கு வறண்டுவிடும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் இரண்டு சங்கு புகட்டு" என்று மாமியார் தினமும் வற்புறுத்துகிறார். மருத்துவமனையில் கூடாது என்றார்கள். நான் என்ன செய்வது?

பதில்: தண்ணீர் வேண்டாம், சகோதரி. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது 40 டிகிரியைத் தாண்டும் நம் வேலூர்க் கத்திரி வெயிலுக்கும் பொருந்தும். தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு தண்ணீர்தான் இருக்கிறது. அதிலும், குழந்தை வாய் வைத்தவுடன் முதலில் சுரக்கும் பால் நீர்த்து இருப்பதால் தாகம் அதிலேயே தணிந்துவிடுகிறது. வெயில் நாளில் குழந்தை சிறிது நேரம் குடித்துவிட்டு விலகுவதும், அரை மணியில் மறுபடி தேடுவதும் இதனால்தான். அப்படித் தேடும்போதெல்லாம் கொடுங்கள். நேரம் பார்க்க வேண்டாம்.

இரண்டு சங்குத் தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றில் பாலுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குழந்தை உறிஞ்சுவது குறைந்தால் உங்களுக்குப் பால் சுரப்பதும் குறையும். தண்ணீரைக் காய்ச்சினாலும் சங்கிலும் விரலிலும் உள்ள கிருமி வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். மேலும், இந்த வயதில் சிறுநீரகம் முழுமையாக முதிராததால், அதிகப்படியான தண்ணீர் இரத்தத்தில் உப்புச் சத்தைக் குறைத்து வலிப்பு வரை கொண்டுபோய்விடக்கூடும். சர்க்கரைத் தண்ணீருக்கும் கிரைப் வாட்டருக்கும் இதே பதில்தான்.

உங்கள் மாமியாரின் கவலை நியாயமானது. பேத்தியின் நாக்கு வறளக்கூடாது என்ற அக்கறையில் சொல்கிறார். வாதம் செய்வதைவிட, ஒரு நாள் டயப்பரை விட்டுவிட்டுப் பருத்தித் துணி மட்டும் கட்டி, நனைந்த துணிகளை அவரையே எண்ணச் சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கு மேல், நிறமும் நெடியும் அதிகமில்லாமல் சிறுநீர் கழித்தால் குழந்தைக்கு நீர்ச்சத்து போதிய அளவு கிடைக்கிறது என்று பொருள். எடையும் அதையே சொல்கிறது. முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடினால் போதும். பிறந்த முதல் வாரத்தில் எல்லாக் குழந்தைக்கும் சற்றுக் குறையும் எடையைக் கழித்துப் பார்த்தாலும் உங்கள் மகள் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறாள்.

தண்ணீர் குடிக்க வேண்டியவர் நீங்கள். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று சொம்பை ஒளித்து வைக்கும் வீடுகள் இன்னும் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தாகத்துக்குக் குடியுங்கள், மோரும் நல்லதே. குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும் இந்த மாதத்தில் தேவையில்லை. மாடி வெயில் இறங்கும் கான்கிரீட் அறையில் புடவைத் தூளியை மூடிக் கட்டாமல், காற்றோடும் இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்டாதீர்கள், மூச்சோடு உள்ளே போகும்.

சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளானாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் இருந்தால் "வெயில் சூடு" என்று காத்திருக்கக்கூடாது.

கேள்வி: ஆறு வாரக் குழந்தை, மாலையானால் இரண்டு மணி நேரம் வீறிட்டு அழுகிறான். தொக்கம் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? (ஆற்காடு வாசகர்)

பதில்: கூடாது. வாய்க்குள் ஊதுவதும் உறிஞ்சுவதும் புண்ணையும் தொற்றையும் உண்டாக்கும். மாலை நேர அழுகை ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, மாற்றி மாற்றித் தூக்கி நடங்கள். பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம், வயிறு உப்புதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

கேள்வி: 32 வாரத்தில் பிறந்த என் மகனுக்கு ஐந்து மாதமாகியும் குப்புற விழவில்லை. வளர்ச்சிக் குறைவா? (வாலாஜாபேட்டை வாசகி)

பதில்: அவன் எட்டு வாரம் முன்னதாகப் பிறந்திருக்கிறான். அந்த இரண்டு மாதத்தைக் கழித்து, மூன்று மாதக் குழந்தையாக அவனைப் பாருங்கள். அந்த வயதில் முகம் பார்த்துச் சிரிக்கிறானா, கண்ணால் தொடர்கிறானா, தலையை நிறுத்தப் பழகுகிறானா என்பதே கேள்வி. குப்புற விழுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. விழித்திருக்கும்போது உங்கள் பார்வையில் சில நிமிடங்கள் வயிற்றின்மேல் கிடத்துங்கள். கை, கால் விறைப்பாகவோ தொய்வாகவோ தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிப்பு கிடையாது. பிறந்த தேதியை வைத்தே 6, 10, 14 வாரங்களில் போட வேண்டும். இவ்வளவு முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.