அமெரிக்காவில் உதவித்தொகையோடு படிப்பவர் கல்விக்கான டாக்ஸ் கிரெடிட்டும் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணத்துக்கு மட்டும். டாக்ஸ் கிரெடிட் என்றால் கட்டவேண்டிய வரியிலேயே நேரடியாகக் குறைவது. இதில் ஒரு வகையான ‘அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி’ கிரெடிட்டில் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 டாலர்.

பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை) திருப்பித் தரவேண்டாத, பொதுவாக வரியும் இல்லாத பணம். அதில் கட்டிய கட்டணத்துக்கே மறுபடி சலுகை என்றால் இரட்டைச் சலுகையாகிவிடும். ஆபீஸே எடுத்துக்கொடுத்த ரயில் டிக்கெட்டுக்குப் பயணப்படி கேட்பது மாதிரி!

கட்டணம் 7,000, பெல் 5,000 என்றால் கணக்கில் வருவது 2,000. மற்ற தகுதிகள் இருந்தால் வரியில் 2,000 டாலர் வரை குறையும். கல்லூரி தரும் 1098-டி படிவத்தில் 1ஆம் கட்டம் கட்டணம், 5ஆம் கட்டம் உதவித்தொகை, கழித்துப் பாருங்கள்.

கல்விக்கடனையும் கழிக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, நீங்கள் திருப்பிக் கட்டப்போகும் பணம் அது.